பழைய கடைத்தெருக் கட்டடங்களின் அழகு எங்கே இருக்கிறது?

கேள்வி இது: நூறு, நூற்றைம்பது வருடப் பழைய வணிகக் கட்டடங்களைச் சீர்செய்து வைத்திருக்கும் நகரத் தெருக்களில், பக்கத்திலேயே பெரும் செலவில் எழுந்த புதுக் கட்டடத்தை விட்டுவிட்டுக் கண் ஏன் பழையதிடமே போகிறது? வெறும் பழைமை ஏக்கம்தானா, இல்லை கட்டடத்திலேயே ஏதாவது இருக்கிறதா?

ஏக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தெருவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களும், அந்தக் கட்டடத்தோடு எந்த நினைவும் இல்லாதவர்களும் அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையில் பல வருடம் சாரத்தின் மேல் நின்றவன் நான். என்னைக் கேட்டால் முதலில் ஒரே ஒரு சொல்தான் வரும்: நிழல்.

பழைய செங்கல் கட்டடத்தில் பாரத்தைத் தாங்குவது சுவர்தான். அதனால் சுவர் தடிமனாக இருக்கும். ஜன்னல் சட்டம் சுவரின் வெளிமுகத்தோடு ஒட்டி நிற்காது. அரைச் செங்கல் அளவு, அதாவது நாலு அங்குலமாவது உள்ளே தள்ளி நிற்கும். வெயில் சாய்ந்து விழும்போது அந்த நாலு அங்குலப் பள்ளத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கும். ஜன்னலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் கல், தளத்துக்குத் தளம் குறுக்கே ஓடும் பட்டை, உச்சியில் வெளியே நீட்டிய கார்னிஸ் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு நிழலைப் போடும். சூரியன் நகர நகர அந்த நிழல்களும் நகரும். காலையில் பார்த்த முகம் மாலையில் இருக்காது. இன்றைய கட்டடங்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சட்டகம் பாரத்தைத் தாங்க, வெளியே தெரிவது அதன் மேல் மாட்டிய மெல்லிய தோல். கண்ணாடியும் உலோகத் தகடும் ஒரே மட்டத்தில் வழவழவென்று ஓடும். நிழல் விழ அங்கே இடமே இல்லை.

பூவேலைப்பாடுதான் பழைய கட்டடத்தின் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் சிகாகோவின் மொனாட்னாக் கட்டடம். 1891-ல் எழுந்த அதன் வடக்குப் பாதி 16 மாடி. வெளிச்சுவர்கள் செங்கல்தான், அவையே பாரம் தாங்குகின்றன. அடித்தளத்தில் சுவரின் தடிமன் 6 அடி. பூவும் இல்லை, சிலையும் இல்லை, தோரணமும் இல்லை. கீழே சுவர் பாதம்போல லேசாக விரிகிறது, உச்சியில் மறுபடி வெளியே வளைகிறது, நடுவில் ஜன்னல் அடுக்குகள் அலைபோல முன்னே வந்து பின்னே போகின்றன. மற்றதையெல்லாம் ஆழமும் நிழலும் பார்த்துக்கொள்கின்றன. பிற்காலத்தில் அதை ஒரேயடியாகப் பிரித்துப் போடாமல், தளம் தளமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் அது அலுவலகக் கட்டடமாகத்தான் இயங்குகிறது.

இன்னொன்று, தூரம். நல்ல பழைய கடைக் கட்டடத்தை எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தால் வானத்தோடு சேரும் விளிம்பு தெரியும். தெருவின் பாதிக்கு வந்தால் ஜன்னல்களின் வரிசையும் மேலே போகப் போக அவை சின்னதாகிக்கொண்டே போவதும் தெரியும். வாசலுக்கு வந்தால் செங்கல்லின் மேடுபள்ளம், இரும்புத் தூணின் அடியில் வார்த்த இலை, பித்தளைக் கைப்பிடி. நெருங்க நெருங்கப் புதிதாக ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கிறது. புதுக் கட்டடங்கள் பல முந்நூறு அடி தொலைவில் என்ன காட்டினவோ அதையேதான் மூன்று அடியிலும் காட்டுகின்றன.

சரி, இந்த வடிவம் எப்படி வந்தது? பெரும்பாலும் தேவையிலிருந்துதான் வந்தது. மின்விளக்கு வருவதற்கு முன் கடையின் கடைசி மூலை வரை பகல் வெளிச்சம் போயாக வேண்டும். கடை அகலம் குறைவு, ஆழம் அதிகம். ஆகவே கூரையை உயர்த்தினார்கள், ஜன்னலை நெட்டையாக்கினார்கள். அகலம் ஏன் குறைவு? ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மரவிட்டம் எட்ட வேண்டும், மரத்தின் நீளத்துக்கு ஒரு எல்லை உண்டு. தெரு நெடுகச் சில எட்டுகளுக்கு ஒரு கட்டடம் மாறிக்கொண்டே வருகிற தாளத்துக்கு அதுவும் ஒரு காரணம். படியேறி யாரும் ஆறாவது மாடிக்கு மேல் சரக்கு வாங்கப் போக மாட்டார்கள். அதனால் உயரமும் அடங்கியே இருந்தது. நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஹாவட் கட்டடத்தில் 1857-ல் எலிஷா ஓடிஸின் நிறுவனம் பயணிகள் லிஃப்ட் பொருத்திய பிறகுதான் அந்தக் கணக்கு மெல்ல மாறத் தொடங்கியது. உச்சியில் நீட்டிய கார்னிஸும் முதலில் மழை நீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி ஊற்றுவதற்குத்தான். அதன் அடிவிளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஓடி வரும் நீர் அங்கே வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்ப முடியாமல் சொட்டிவிடும். சாரத்தின் மேல் ஏறினால் ஒழிய அது யார் கண்ணுக்கும் படாது.

அதே ஹாவட் கட்டடத்தின் முகப்பு முழுக்க வார்ப்பிரும்பு. தூண், வளைவு, கார்னிஸ் எல்லாமே பட்டறையில் அச்சில் வார்த்து, கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கியவை. தள்ளி நின்று பார்த்தால் கல் என்றே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் கல் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். சில கட்டடங்களில் ஈரப் பெயின்ட்டின் மேல் மணலையும் தூவினார்கள். 1970-ல் வார்ப்பிரும்புக் கட்டடங்களைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கிய மார்கோ கேல் அம்மையார், தெருவில் மக்களை அழைத்துப் போகும்போது கையில் சின்னக் காந்தத்தைக் கொடுப்பாராம். கல்லா இரும்பா என்று ஒட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான். அந்தக் கட்டடங்கள் நிறைந்த நியூயார்க்கின் சோஹோ பகுதியின் ஊடாக ஓர் அதிவேகச் சாலை போடும் திட்டம் 1960-களின் இறுதியில்தான் கைவிடப்பட்டது. 1973-ல் அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் அதன் பிறகு வெறும் சுவராக இருந்திருக்காது. எனக்கு மிகவும் பிடித்த பாதுகாப்பு உத்தி இதுதான்.

இரும்பு வந்ததால் தரைத்தளத்தில் சுவரை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடி வைக்க முடிந்தது. பழைய கடை முகப்பு ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். கீழே முழங்கால் உயரத்துக்கு மரத்திலோ ஓட்டிலோ ஒரு தட்டி. மழையில் தெறிக்கும் சேறும் நடப்பவர் காலும் கண்ணாடியில் படாமல் அது தாங்கும். அதற்கு மேல் ஷோகேஸ். வாசல் கதவு தெருவோடு ஒட்டாமல் நாலைந்து அடி உள்ளே வாங்கியிருக்கும். கதவைத் திறந்தால் நடைபாதையில் போகிறவர் மேல் இடிக்காது. மழைக்கு ஒதுங்கி நின்றவர் அப்படியே ஷோகேஸில் இருப்பதைப் பார்ப்பார். அந்த உள்வாங்கிய இடத்தின் தரையில் சின்னச் சின்ன ஓடுகளால் கடையின் பெயரைப் பதித்திருப்பார்கள். கதவுக்கு மேலே குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டை. 1890-களின் இறுதியில் சிகாகோவில் லக்ஸ்ஃபர் என்ற நிறுவனம் அந்தப் பட்டைக்கென்றே உட்புறம் பல்பல்லாக வெட்டிய கண்ணாடிச் சதுரங்களைச் செய்து விற்றது. மேலிருந்து வரும் வெளிச்சத்தை அவை முறித்துக் கடையின் உள்கோடிக்கு அனுப்பும். பிறகு மின்விளக்கு மலிவானதும், பொய்க்கூரை போட்டு, வெளியே பெயர்ப்பலகை அடித்து அதை மறைத்துவிட்டார்கள். சீரமைப்பில் அந்தப் பலகையைக் கழற்றும்போது கண்ணாடி முழுசாக இருந்தால் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கீழே வந்து பார்ப்பார்கள். ஒருமுறை நாங்கள் அரை நாள் வேலையை நிறுத்திவிட்டு அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம்.

மறைக்கும் பழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகியது. அமெரிக்க ஊர்களின் கடைத்தெருக்களில் பழைய முகப்பின் மேல் அலுமினியத் தகட்டை உறைபோலப் போர்த்தினார்கள். புதுசாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. தகட்டை மாட்ட இரும்புச் சட்டம் வேண்டும், சட்டத்துக்குத் துருத்தல் இருக்கக் கூடாது. கார்னிஸையும் ஜன்னல் மேல்வளைவுகளையும் உளியால் கொத்தித் தள்ளிவிடுவதும் உண்டு. இன்று அந்தத் தகட்டைக் கழற்றும் வேலைதான் பல ஊர்களில் சீரமைப்பின் முதல் படி. அமெரிக்காவில் 1977-ல் சில சிறு ஊர்களில் சோதனையாகத் தொடங்கிய மெயின் ஸ்ட்ரீட் திட்டம் இப்படி ஒவ்வொரு கடையாகப் பழைய முகத்தை வெளியே கொண்டுவரும் வழியைப் பரப்பியது. நான் வேலை செய்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் தகடு இறங்கியபோது, தெருவில் நின்றிருந்த ஒரு பெரியவர் மேல்மாடி ஜன்னலைக் காட்டித் தன் முதல் வேலை அங்கேதான் என்றார். அந்த ஜன்னலை அவர் நாற்பது வருடமாகப் பார்த்ததில்லை.

முகம் வெளியே வந்த பிறகுதான் உண்மையான சோதனை. பழைய கட்டடங்களைக் காலம் கெடுத்ததைவிட அவசரமான பழுதுபார்ப்பு கெடுத்தது அதிகம். இதை நான் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் இதே தப்பு நடக்கிறது.

பழைய செங்கல் சுவரில் கற்களுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவை. அது செங்கல்லைவிட மென்மையானது. சுவர் நனைந்தால் ஈரம் அந்தக் கலவை வழியாக வெளியே போகும். சுவர் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கினால் கலவை அந்த அசைவை வாங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் தேய்ந்து உதிர்வதும் கலவைதான். அதைச் சுரண்டி எடுத்துப் புதுச் சுண்ணாம்பு வைத்தால் சுவர் இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கும். ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் அது எங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், சுண்ணாம்பு இருந்த இடத்திலெல்லாம் சிமென்ட்டைத் திணித்தார்கள். சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம். ஈரம் அதன் வழியே எளிதில் போக முடியாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கும். உப்பு பூக்கும், பனி உறையும் ஊர்களில் உள்ளே உறைந்து விரியும், கடைசியில் செங்கல்லின் முகம் தகடு தகடாகப் பெயர்ந்து விழும். கிட்டே போய்ப் பார்த்தால் சிமென்ட் கோடுகள் மட்டும் வலைபோல முன்னே நிற்க, நடுவில் செங்கற்கள் குழிந்துபோயிருக்கும். பார்க்கவே வயிறு கலங்கும்.

அழுக்கைப் போக்க மணலை அழுத்தத்தில் பீய்ச்சுவது அதைவிட மோசம். செங்கல் சூளையில் வேகும்போது மேலே ஒரு கெட்டித் தோல் உருவாகிறது. மணல் அந்தத் தோலையே உரித்துவிடும். அன்றைக்குச் சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும். அப்புறம் மழைநீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். மெதுவான தண்ணீர்த் தெளிப்பு, மென்மையான தூரிகை, தேவையான இடத்தில் மட்டும் அதற்கேற்ற ரசாயனம், அதுவும் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகு. நாள் பிடிக்கும். வேறு வழி இல்லை.

நிறத்தைக் கண்டுபிடிப்பது இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. கார்னிஸின் அடியில் வெயில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நைசான உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவோம். நடுவில் மரமோ இரும்போ தெரியும்போது நிறுத்திவிடுவோம். சுற்றிலும் வளையம் வளையமாக ஒவ்வொரு காலத்துப் பெயின்ட்டும் விரியும், மரத்தின் வயது வளையங்கள் மாதிரி. வெளியே வெள்ளை, அதற்குள் பச்சை, மறுபடி வெள்ளை, பிறகு ஒரு சாம்பல், ஆக உள்ளே அடர்ந்த பழுப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடுகூடத் தெரியும். பெயின்ட் அடிக்காமல் விட்ட வருடங்களில் படிந்த புகைக்கரி அது. ஒரு கைவிரல் நகம் அளவு இடத்தில் கட்டடத்தின் சரித்திரம் முழுதும் இருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் முகமூடி இல்லாமல், தண்ணீர் தொடாமல் இதை யாரும் முயல வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடியையும் மறந்துவிடக் கூடாது. பழைய கண்ணாடியில் எதிர்க் கட்டடத்தின் பிம்பம் லேசாக நெளியும். கண்ணாடி வருடக்கணக்கில் கீழ்நோக்கி வழிந்ததால் அப்படி ஆனது என்று சொல்வார்கள். அது தவறு, கண்ணாடி அப்படி வழிவதில்லை. குழலாக ஊதி, வெட்டி, விரித்துத் தட்டையாக்கிய முறையிலேயே அந்த நெளிவு வந்துவிடுகிறது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிடும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்தது. அது பரவிய பிறகு உலகம் முழுக்கக் கண்ணாடி சமமாகிவிட்டது. ஒரு தெருவின் பழைய ஜன்னல்களையெல்லாம் மாற்றிவிட்டு, முகப்பை மட்டும் அப்படியே வைத்தால், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமலே மக்கள் ஏதோ குறைகிறது என்பார்கள். குறைவது அந்த நெளிவும், சட்டம் சுவரோடு ஒட்டி வந்துவிட்டதால் தொலைந்த நாலு அங்குல நிழலும்தான்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் உண்டு. 1877-லேயே ஆங்கில வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் லண்டனில் ஒரு சங்கம் அமைத்து, பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதிதாக்கும் வேலையை எதிர்த்தார்கள். சுரண்டல் எதிர்ப்பு என்பதே அந்தச் சங்கத்தின் செல்லப்பெயர். பழைய கட்டடங்களைக் காப்பதற்கான நெறிகளை வகுத்த 1964-ன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. என் கட்சியும் அதுதான். பழைய படம் இருக்கிறது, உடைந்த துண்டு இருக்கிறது என்றால் தாராளமாகத் திரும்பச் செய்யலாம். சிகாகோவில் லூயிஸ் சல்லிவன் கட்டிய, ஒரு காலத்தில் கார்சன் பிரி ஸ்காட் கடையாக இருந்த கட்டடத்தில், பிற்காலத்தில் அகற்றிவிட்ட மேல் கார்னிஸை இப்படித்தான் மறுபடி செய்து வைத்தார்கள். அதன் பிறகுதான் கட்டடத்துக்குத் தலை திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. எந்த ஆதாரமும் இல்லாமல், இப்படி இருந்திருக்கலாம் என்று பூவும் கொடியும் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

முகப்புச் சுவரை மட்டும் நிறுத்திவைத்துப் பின்னால் எல்லாவற்றையும் இடித்துப் புதுக் கோபுரம் எழுப்புவதையும்தான். பழைய ஜன்னலுக்குப் பின்னால் புதுத் தளத்தின் விளிம்பு குறுக்கே ஓடும். இரவில் விளக்குப் போட்டதும் தெரிந்துவிடும், அது உயிருள்ள கட்டடம் அல்ல, மாட்டிவைத்த முகம் என்று. சிங்கப்பூர் இதில் தெளிவாக இருக்கிறது. 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்ததில் தொடங்கி, இன்று 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அங்கே பாதுகாப்பில் உள்ளன. முடிந்தவரை பழையதை வைத்துக்கொள், பக்குவமாகச் சீரமை, கவனமாகப் பழுதுபார் என்பதே அங்கே விதி. அங்கிருக்கும் பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை அங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது. மேல்மாடி நடைபாதையின் மேல் நீட்டி நிற்பதால் தெரு முழுக்கத் தொடர்ந்து ஒரே நிழல். வெயிலுக்கும் மழைக்கும் நடப்பவருக்கு அது குடை, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அடர்ந்த நிழல் பட்டை.

கட்டடம் பிழைக்க வேண்டுமானால் அதில் வியாபாரம் நடக்க வேண்டும். 1898-ல் திறந்த சிட்னியின் குயின் விக்டோரியா கட்டடத்தை 1959-ல் இடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அது இடிபடாமல் தப்பி, மலேசியாவைச் சேர்ந்த ஈப்போ கார்டன் நிறுவனத்திடம் நீண்ட குத்தகைக்குப் போய், 1986-ல் மறுபடி கடைகளோடு திறந்தது. அலுவலகங்களுக்காக உள்ளே பலமுறை வெட்டி மாற்றியிருந்ததால் நிறைய விஷயங்களைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் காலியாகப் பூட்டி வைத்த தூய்மையான கட்டடத்தைவிட இதுவே மேல் என்பேன். இதற்கு ஒரு விலையும் உண்டு. சோஹோவின் மாடிகளில் வாடகை மலிவு என்று குடியேறி அந்தத் தெருவுக்கு உயிர் கொடுத்தவர்கள் ஓவியர்களும் சிற்பிகளும். தெரு அழகானதும் வாடகை ஏறி, அவர்களில் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. அழகைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது சரியில்லை.

பார்க்க வேண்டும் என்றால் காலை எட்டு, ஒன்பது மணிக்கோ மாலை நாலு மணிக்கு மேலோ போங்கள். வெயில் தெருவில் சாய்வாக வர வேண்டும். முதலில் எதிர்ச் சாரியில் நின்று பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள். கடை எத்தனை முறை மாறினாலும் அதற்கு மேல் இருப்பது பெரும்பாலும் மாறியிருக்காது. பக்கச் சுவரில் மங்கிப்போன பழைய விளம்பர எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள். ஈயப் பெயின்ட் அவ்வளவு சீக்கிரம் சுவரை விடாது. அதன் மேல் யாராவது புதிதாக எழுதித் 'திருத்தாமல்' இருந்தால் நல்ல கைகளில் கட்டடம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தெருவைக் கடந்து வந்து வாசற்படியைப் பாருங்கள். கல் படியாக இருந்தால் நடுவில் குழிந்திருக்கும், கிண்ணம் மாதிரி. நான் பார்த்த ஒரு வேலையில் கட்டட உரிமையாளர் அந்தக் கல்லைப் புரட்டிப்போட்டு நேராக்கித் தரச் சொன்னார். எங்கள் மூத்த கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் ஒரு குவளைத் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றினார். தண்ணீர் அப்படியே நின்றது, அதில் மேலே இருந்த கார்னிஸ் தெரிந்தது. உரிமையாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் படியை நாங்கள் கழுவிவிட்டதோடு சரி.